விக்டோரியா காலத் துப்பறியும் சீரியல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலம் என்றால் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை?

விக்டோரியா ராணி அரியணை ஏறிய 1837 ஜூனிலிருந்து அவர் இறந்த 1901 ஜனவரி வரை. ஆனால் துப்பறியும் சீரியல்களுக்குப் பிடித்தது கடைசி இருபது வருடம்தான். குதிரை வண்டியும் ஓடும், சுரங்க ரயிலும் ஓடும்; தெருவில் காஸ் விளக்கு எரியும், பணக்காரர் வீட்டில் மின்விளக்கு எட்டிப் பார்க்கும்.

எதில் ஆரம்பிக்கலாம்?

சந்தேகமே வேண்டாம். ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த கிரனடா தொலைக்காட்சியின் ஷெர்லாக் ஹோம்ஸ். 1984 முதல் 1994 வரை வந்தது, மொத்தம் 41 எபிசோடுகள். பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேக்கர் தெருவை மான்செஸ்டரில் செட்டாகப் போட்டார்கள். கோனன் டாயிலின் கதைகள் முதலில் பத்திரிகையில் வந்தபோது சிட்னி பேஜட் வரைந்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல காட்சிகளை அப்படியே அதே கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். பிரெட் கையை உதறுவார், சோபாவைத் தாவிக் குதிப்பார், திடீரென்று ஒரு வெடிச்சிரிப்புச் சிரித்து அடுத்த நொடியே கல்லாகிவிடுவார். முதல் இரண்டு எபிசோடுகளில் 'ஓவர் ஆக்டிங்' என்று தோன்றும். மூன்றாவதில் வேறு யாரையும் ஹோம்ஸாக ஏற்க முடியாமல் போய்விடும். பாதியில் வாட்ஸனாக நடிப்பவர் மாறுகிறார் (டேவிட் பர்க் போய் எட்வர்ட் ஹார்ட்விக்). பயப்பட வேண்டாம், இருவருமே நல்ல வாட்ஸன்கள்.

அதற்கப்புறம் உங்கள் மனநிலையைப் பொறுத்தது. இருட்டும் ரத்தமும் பரவாயில்லை என்றால் 'ரிப்பர் ஸ்ட்ரீட்'. சாப்பிட்டுக்கொண்டே பார்க்க 1895ஆம் ஆண்டு டொரன்டோவில் தொடங்கும் 'மர்டக் மிஸ்டரீஸ்'. அது 2008இல் ஆரம்பித்து பதினேழு சீசனுக்கு மேல் போய்விட்டது. விக்டோரியா காலமே முடிந்து கதை அடுத்த ராஜா காலத்துக்குப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தக் காலத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? செல்போன் இல்லை, சிசிடிவி இல்லை என்பதாலா?

அது பாதிக் காரணம்தான். செல்போன் இல்லாத காலம் என்றால் பதினைந்தாம் நூற்றாண்டும்தான். அப்போது துப்பறிய என்ன இருந்தது? குற்றவாளி இரண்டு ஊர் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. விக்டோரியா காலத்தின் விசேஷம், குற்றவாளியும் போலீசும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடியது. ரயில் வந்துவிட்டது, தந்தி வந்துவிட்டது. லண்டன் மையத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தபால் பட்டுவாடா நடந்தது. காலையில் போட்ட கடிதத்துக்கு மதியமே பதில் வரும். ஆனால் எதுவும் அந்த நொடியில் நடக்காது. அந்தச் சிறு தாமதத்துக்குள்தான் கதை ஓடுகிறது.

இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொன்னால் புரியும்.

1845 ஜனவரி 1. ஸ்லௌ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜான் டாவெல் என்பவர் ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுத்துக் கொன்றுவிட்டு லண்டன் ரயிலில் ஏறிவிட்டார். ரயிலைத் துரத்திப் பிடிக்க எந்தக் குதிரையாலும் முடியாது. ஆனால் அந்தப் பாதையில் புதிதாகத் தந்திக் கம்பி போட்டிருந்தார்கள். ஸ்லௌ நிலையத்திலிருந்து செய்தி பறந்தது: குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) உடையில், கால்வரை நீண்ட கோட்டு போட்ட ஆள், இரண்டாவது முதல் வகுப்புப் பெட்டியின் கடைசி அறையில் இருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தந்திக் கருவியில் ஆங்கில எழுத்துகள் எல்லாம் இல்லை, 'கியூ' கிடையாது. அதனால் குவேக்கர் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலை மாற்றி 'கே-டபிள்யூ-ஏ' என்று அடித்தார்கள். மறுமுனையில் இருந்தவர் முதலில் குழம்பித்தான் போனார். அப்புறம் புரிந்தது. டாவெல் லண்டனின் பேடிங்டன் நிலையத்தில் இறங்கியபோது போலீஸ் காத்திருந்தது. பின்தொடர்ந்து போய் மறுநாள் கைது செய்தது. அந்த வருடம் மார்ச்சில் தூக்கு.

அடுத்தது 1864 ஜூலை 9. லண்டன் ரயில் பெட்டிக்குள் தாமஸ் பிரிக்ஸ் என்ற முதிய வங்கி அதிகாரியை அடித்து வெளியே தள்ளிவிட்டு ஒருவன் தப்பினான். பிரிட்டனில் ரயிலில் நடந்த முதல் கொலை. பெட்டியில் ஒரு தொப்பி கிடந்தது, ஆனால் அது பிரிக்ஸின் தொப்பி இல்லை. அவசரத்தில் கொலையாளி தொப்பியை மாற்றி எடுத்துப் போய்விட்டான்! திருடிய தங்கச் சங்கிலியை ஒரு நகைக்கடையில் கொடுத்து வேறு சங்கிலி வாங்கினான். கடைக்காரரின் குடும்பப் பெயர் 'டெத்', அதாவது சாவு. எந்தக் கதாசிரியராவது இப்படிப் பெயர் வைத்தால் சிரிப்போம். அந்தப் பெயர் அச்சடித்த சிறு அட்டைப்பெட்டியை, ஃபிரான்ஸ் முல்லர் என்ற தையல்காரன் தனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்காரரின் மகளுக்கு விளையாடக் கொடுத்திருந்தான். வண்டிக்காரருக்கு விஷயம் உறைத்தது. அதற்குள் முல்லர் 'விக்டோரியா' என்ற பாய்மரக் கப்பலில் நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டான். இன்ஸ்பெக்டர் டேனர் நீராவிக் கப்பலில் ஏறினார். முல்லருக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே போய்ச் சேர்ந்து, துறைமுகத்தில் அவன் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். பிடிபட்டபோது முல்லரிடம் பிரிக்ஸின் தொப்பி இருந்தது, உயரத்தை வெட்டிக் குறைத்துத் தைத்து.

மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் போலீஸ்காரர்! இன்றைய சீரியலில் அந்தக் காட்சியை வைக்கவே முடியாது.

ஹோம்ஸ் ஒரு ஆளைப் பார்த்ததுமே ஊர், தொழில், மனைவியோடு சண்டை எல்லாம் சொல்லிவிடுகிறாரே. இது ரீல்தானே?

ரீல்தான், ஆனால் முழு ரீல் இல்லை. மேலே சொன்ன இரண்டு வழக்குகளையும் மறுபடி பாருங்கள். ஒருவன் உடையால் மாட்டினான், இன்னொருவன் தொப்பியால். அந்தக் காலத்தில் உடுப்புதான் அடையாள அட்டை. குமாஸ்தா ஒரு மாதிரி, தச்சர் ஒரு மாதிரி, ரிட்டையரான ராணுவக்காரர் ஒரு மாதிரி. வெறுந்தலையோடு வெளியே போகும் ஆளே அபூர்வம். தொப்பியின் ரகமே அவர் எந்த வர்க்கம் என்று சொல்லிவிடும். கையில் காய்ப்பு எங்கே இருக்கிறது, சட்டைக் கையில் மை எங்கே ஒட்டியிருக்கிறது, பூட்ஸில் என்ன நிறச் சேறு என்பதெல்லாம் தகவல். இன்று கம்பெனி முதலாளியும் டீ-ஷர்ட், டெலிவரி பையனும் டீ-ஷர்ட். ஹோம்ஸ் இப்போது நம் எதிரில் உட்கார்ந்தால் பாவம், திணறிப் போவார்.

இந்த வகை சீரியல் பிடித்துப்போவதற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம். தடயம் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்கிறது. லேபிலிருந்து ரிப்போர்ட் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. துப்பறிவாளருக்குத் தெரியும் அதே தொப்பி நமக்கும் தெரிகிறது. நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொப்பி பற்றி: ஹோம்ஸ் எப்போதும் அந்த இரண்டு பக்கமும் காது மடல் வைத்த தொப்பிதானே போடுவார்?

இல்லை. அதன் பெயர் 'டீர்ஸ்டாக்கர்', கிராமப்புறத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் போடுவது. கதையில் அந்தப் பெயரே வராது. 1891இல் பேஜட் படத்தில் வரைந்தார், ஒட்டிக்கொண்டது. லண்டன் தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால், கல்யாண வீட்டுக்கு மங்கி குல்லா போட்டுக்கொண்டு போனமாதிரி இருந்திருக்கும். பிரெட் நகரத்துக்குள் கறுப்பு உயரத் தொப்பிதான் போடுவார்.

நிஜத்தில் அப்போது துப்பறியும் போலீஸ் இருந்ததா?

லண்டனுக்கு முறையான போலீஸ் 1829இல்தான் வந்தது. சீருடை போட்டு ரோந்து போவதுதான் வேலை. மஃப்டியில் துப்பறியும் பிரிவு 1842இல் வந்தது, மொத்தம் எட்டே பேர். பொதுமக்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. சீருடை இல்லாத போலீஸ் என்றால் ஒற்றன் என்ற எண்ணம்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜாக் விச்சர். அவரை வைத்து 2011இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி ஒரு படம் எடுத்தது, பேடி கான்சிடைன் நடித்தது. ஹோம்ஸுக்கு அப்புறம் நீங்கள் பார்க்க வேண்டியது அதுதான், ஏனென்றால் அது நடந்த கதை. 1860 ஜூன் கடைசியில் ரோட் ஹில் என்ற வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இரவில் காணாமல் போய், தோட்டத்துக் கழிப்பறையில் பிணமாகக் கிடைத்தது. இரவில் கதவு ஜன்னல் எல்லாம் உள்ளிருந்து பூட்டியிருந்தார்கள்; வெளியிலிருந்து யாரும் உடைத்து நுழைந்த அடையாளம் இல்லை. இரண்டு வாரம் கழித்து விச்சர் லண்டனிலிருந்து வந்தார். சலவைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். குழந்தையின் அக்கா (அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவள்), பதினாறு வயது கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு உடைகள் இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எங்கே என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து அந்தப் பெண்ணைக் கைது செய்தார்.

ஊரே பொங்கியது. தோட்டக்காரர் மகனாகப் பிறந்த ஒரு போலீஸ்காரன் கௌரவமான வீட்டுப் பெண்ணின் இரவு உடையைத் தேடுவதா? ஆதாரம் போதவில்லை என்று அவளை விட்டுவிட்டார்கள். விச்சரின் பெயர் கெட்டது, வேலையிலிருந்தும் சீக்கிரமே ஓய்வு பெற்றுவிட்டார். 1865இல் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள்.

பூட்டிய பங்களா, உள்ளே இருக்கும் யாரோ ஒருவர்தான் குற்றவாளி, வெளியூரிலிருந்து வரும் துப்பறிவாளர், உதவாத உள்ளூர் போலீஸ் என்று நாம் இன்றைக்கும் பார்க்கும் சாமான்கள் முக்கால்வாசியும் இந்த வழக்கிலேயே இருக்கின்றன. 1868இல் வில்கி காலின்ஸ் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' (தி மூன்ஸ்டோன்) நாவலிலும் கறை பட்ட ஓர் இரவு உடைதான் மையம். ரத்தக் கறைக்குப் பதில் பெயின்ட் கறை என்று மாற்றிவிட்டார்.

கைரேகை, ரத்தப் பரிசோதனை எல்லாம் காட்டுகிறார்களே, அவை அப்போது உண்டா?

ஆர்சனிக் விஷத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை 1836லேயே உண்டு, அது சரி. கறை மனித ரத்தமா விலங்கு ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் நம்பகமான சோதனை 1901இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 'இது கோழி ரத்தம்' என்று சாதித்தால் மறுப்பது கஷ்டம்.

கைரேகை விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு லண்டனில் இல்லை, கல்கத்தாவில், 1897இல் தொடங்கியது. வங்காளப் போலீசின் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரில் அந்த வகைப்படுத்தும் முறை இருக்கிறது. கணக்குப் போட்டு அதை உருவாக்கியவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகள். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போனது 1901 ஜூலையில், ராணி இறந்து ஆறு மாதம் கழித்து. கைரேகையை வைத்து பிரிட்டனில் ஒரு கொலைக் குற்றவாளி தண்டிக்கப்பட்டது 1905இல். ஆக, விக்டோரியா கால லண்டன் நீதிமன்றத்தில் யாராவது கைரேகையை நீட்டினால் அது கதாசிரியரின் அவசரம். மர்டக்கில் இந்த அவசரம் ஏராளம், ஆனால் அவர்கள் தெரிந்தே விளையாடுகிறார்கள். மன்னித்துவிடலாம்.

எப்போது பார்த்தாலும் மூடுபனி. இவ்வளவா?

இவ்வளவுதான். அது வெறும் பனி இல்லை, லட்சக்கணக்கான அடுப்புகளின் நிலக்கரிப் புகையும் சேர்ந்தது. மஞ்சளாக இருக்கும், பட்டாணி சூப் என்றே அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். செட்டில் பாதி தெருதான் கட்டியிருக்கிறார்கள் என்பதை மறைக்கவும் உதவும், அது வேறு விஷயம்.

லண்டனில் எடுத்ததா எல்லாம்?

பெரும்பாலும் இல்லை. லண்டனில் காரையும் ஆன்டெனாவையும் மறைத்து மாளாது. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' டப்ளினில். 'மிஸ் ஸ்கார்லெட்' முதலில் டப்ளின், அப்புறம் செர்பியாவின் பெல்கிரேட். 1979இல் தொடங்கிய சோவியத் ஷெர்லாக் ஹோம்ஸில் பேக்கர் தெருவாக வருவது லாட்வியாவின் ரிகா நகரத்துச் சந்து ஒன்று. ஹோம்ஸ் ரஷ்ய மொழி பேசுவார். முடிந்தால் தேடிப் பாருங்கள், வாசிலி லிவானோவ் அருமையான ஹோம்ஸ்.

பெண் துப்பறிவாளர்கள் உண்மையா, இக்கால ஆசையா?

1864லேயே பெண் துப்பறிவாளரை நாயகியாக வைத்த கதைப் புத்தகங்கள் லண்டனில் வந்துவிட்டன. ஆனால் போலீஸில் அப்போது பெண்கள் கிடையாது. 1882இல் நடக்கும் 'மிஸ் ஸ்கார்லெட்'டில், இறந்துபோன அப்பாவின் துப்பறியும் தொழிலை மகள் எடுத்து நடத்துகிறாள். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் 'உங்கள் அப்பா இல்லையா?' என்று கேட்கும் இடங்கள் நன்றாக இருக்கும், அவளுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உள்ள இழுபறி கொஞ்சம் ஓவர்.

அந்த 1882க்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளலாம். கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது அந்த வருடம்தான். அதற்கு முன்பு கழுத்தில் தாலி ஏறினால் (அவர்களுக்கு மோதிரம்) பெண்ணின் பணம் புருஷனுடையது. மகளுக்குக் கல்யாணமானால் தனக்கு வரும் வருமானம் போய்விடுமே என்று மாற்றாந்தகப்பன் கொலை செய்யத் துணிவது, வாரிசுப் பெண்ணைப் பைத்தியம் என்று அடைத்துவைப்பது ஆகியவற்றின் வேர் இங்கேதான்.

நம்மை எப்படிக் காட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். இந்தியா என்பது அந்தக் கதைகளில் ஒரு பரண். புதையல், விஷம், சாபம், பாம்பு எல்லாம் அங்கிருந்துதான் இறங்கும். காலின்ஸின் சந்திரகாந்தக் கல் என்ற வைரம் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளையடித்தது. ஹோம்ஸின் இரண்டாவது நாவலில் 1857 கலகத்தின்போது ஆக்ராவில் கைமாறிய புதையல். கூடவே ஊதுகுழலில் விஷ முள் வைத்துக் கொல்லும் அந்தமான் தீவுக்காரர். அவரை மிருகம்போல எழுதியிருக்கிறார் கோனன் டாயில். திரையில் வரும்போது எனக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது.

கல்கத்தாவில் டாக்டராக இருந்தவர் பாம்பை வைத்துக் கொலை செய்யும் கதை இன்னொன்று. அந்தப் பாம்பு மணிக் கயிற்றில் ஏறி இறங்கும், விசில் அடித்தால் திரும்பி வரும், கிண்ணத்தில் பால் குடிக்கும். பாம்பு பால் குடிக்காது. ஆனால் இதற்காகக் கோனன் டாயிலைக் கிண்டல் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. புற்றில் பால் ஊற்றுகிற ஊர் நம்முடையது.

என் குறை வேறு. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே மாதங்களில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். கொள்ளையடித்த ஒரு வைரத்தைத் தேடி எபிசோட் எபிசோடாக எடுப்பவர்களுக்கு இதுவும் ஒரு குற்ற வழக்காகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

தமிழில் அந்தக் காலத்தில் இப்படி எழுதினார்களா?

எழுதினார்கள். பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' என்ற துப்பறியும் கதை 1894இல் வந்தது. ஹோம்ஸ் அருவியில் விழுந்து 'செத்த' மறுவருடம்! அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வந்து ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் லண்டன் கதைகளை நம்மூர் வேட்டி சேலையில் உலாவ விட்டார்கள். இவற்றில் ஒன்றை அந்தக் காலத்திலேயே வைத்து, ஜட்காவும் தந்தியும் டிராமுமாக யாராவது ஒழுங்காக வெப் சீரிஸ் எடுத்தால் முதல் நாளே உட்கார்ந்துவிடுவேன்.

ஜாக் தி ரிப்பர் கதைகளைப் பார்க்கலாமா?

என் பொறுமை தீர்ந்துவிட்டது. 1888இல் ஐந்து ஏழைப் பெண்கள் கொல்லப்பட்டார்கள், ஆள் அகப்படவில்லை. அதன் பிறகு அவன் யார் என்று ஊகிப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' இதில் தப்பித்தது, ஏனென்றால் அது 1889இல், எல்லாம் முடிந்தபின் தொடங்குகிறது. பிடிக்க முடியாமல் போன போலீஸ் நிலையம் தினமும் எப்படி எழுந்து வேலைக்குப் போகிறது என்பதுதான் கதை. எட்மண்ட் ரீட் என்ற இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே அங்கே இருந்தவர்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

'ரிப்பர் ஸ்ட்ரீட்' கூடவே கூடாது. கிரனடா ஹோம்ஸ், மர்டக் பத்து வயதுக்கு மேல் தாராளமாக.

ஒரே ஒரு எபிசோட் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

கிரனடாவின் 'நீல மாணிக்கம்', 1984. கிறிஸ்துமஸ் சமயம். தெருவில் யாரோ தவறவிட்ட பழைய தொப்பியும் ஒரு வாத்தும் ஹோம்ஸிடம் வருகின்றன. வாத்தின் வயிற்றில் என்ன இருந்தது என்பது கதை. எனக்கு அது முக்கியமில்லை, தொப்பிக் காட்சிக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூலக்கதையில் வாட்ஸன் தொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார். ஹோம்ஸ் அதை வாங்கி, மூன்று வருடத்துக்கு முந்தைய பாணி, நல்ல விலைச் சரக்கு, அதற்கப்புறம் புதிதாக வாங்கவில்லை, ஆகவே கை நொடித்த மனிதர் என்கிறார். வாரக்கணக்காகத் தொப்பியை யாரும் துடைத்துக் கொடுக்கவில்லை, ஆகவே மனைவிக்கு இவர் மேல் பிரியம் போய்விட்டது. மேலே ஐந்தாறு இடத்தில் கொழுப்பு மெழுகுவத்தி சொட்டிய கறை. ஒரு கையில் தொப்பியும் மறு கையில் உருகும் மெழுகுவத்தியுமாக ராத்திரி மாடிப்படி ஏறுகிறவர், வீட்டுக்கு காஸ் இணைப்பு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தொப்பியின் சொந்தக்காரரே படியேறி வருவார். அவர் முகத்தைக் கவனியுங்கள்.